மின்தூக்கி நிற்காத மாடிகள்

சிங்கப்பூரின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நின்றதில்லை. பத்து, பன்னிரண்டு மாடி உயரமுள்ள ஒரு நீண்ட புளோக்கில் மூன்று நான்கு மாடிகளுக்கு ஒருமுறைதான் கதவு திறந்தது. அங்கே இறங்கி, பொது நடைபாதையின் ஓரம் வரை நடந்து, ஒரு மாடியோ இரண்டு மாடியோ படியில் ஏறியோ இறங்கியோ வீட்டைச் சேர வேண்டியிருந்தது. நான்கு மாடிக் கட்டடங்களில் மின்தூக்கியே இருக்கவில்லை. 1960களிலும் 70களிலும் குடிவந்த யாருக்கும் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. வந்தவர்கள் முப்பது வயதுக்காரர்கள். கையில் குழந்தையும் தோளில் சந்தைப் பையுமாக ஏறிப் போனார்கள். அதே வீட்டில் அவர்களுக்கு எழுபது வயதானபோது அந்த ஒரு மாடிப் படிதான் உலகத்துக்கும் அவர்களுக்கும் நடுவே நின்றது. முதியோருக்கான வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் நாம் உடனே பிள்ளைகளின் கடமைக்குப் போய்விடுகிறோம். பிள்ளைகள் மாறிவிட்டார்கள், குடும்பம் சிதறிவிட்டது என்று வருந்துகிறோம். நாட்டு மக்களில் பெரும்பாலோருக்கு அரசே வீடு கட்டித் தந்த சிங்கப்பூரின் வரலாற்றைப் பார்த்தால் சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. அங்கே முதியவர்களை முதலில் கைவிட்டது கட்டடத்தின் வரைபடம். அதைத் திருத்தப் பிடித்த காலமும், திருத்துவதாக நினைத்துக் குடும்பத்தைத் திருத்தப் போன முயற்சிகளும் சேர்ந்ததுதான் கடந்த நாற்பது ஆண்டுக் கதை.

இந்த வீடுகளுக்கு முன்பு இருந்ததைப் பொற்காலமாகக் காட்டிவிடக் கூடாது. 1950களின் நடுவில் சமூகவியலாளர் பேரிங்டன் கே, சைனாடவுனின் அப்பர் நான்கின் தெருவை வீடு வீடாக ஆய்ந்தார். கடைவீடுகளின் மேல்தளங்கள் பலகைத் தடுப்புகளால் சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பலவற்றில் சன்னல் இல்லை. ஓர் அறையில் ஒரு குடும்பமே இருந்தது. கட்டுமானத் தளங்களில் மண் சுமந்த சம்சுய் பெண்களும், வீட்டு வேலை செய்த ஆமாக்களும் திருமணம் ஆகாமலும், பிள்ளைகள் ஊரில் இருக்கவும், இத்தகைய தடுப்பறைகளின் பலகைக் கட்டில்களில் வயதானார்கள். சாவு நெருங்கும்போது அந்த இடமும் நிலைக்கவில்லை. நெருக்கமான கடைவீட்டில் மரணம் நிகழ்வதை அபசகுனமாகக் கருதியதால், போகும் நிலையில் இருப்பவர்களைச் சாகோ லேனில் இருந்த மரண வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். மேல்தளத்தில் படுக்கைகள், கீழே இறுதிச் சடங்குக்கான கூடம். 1961இல் அரசு அவற்றைத் தடைசெய்தது. தமிழ்த் தொழிலாளர்களின் முதுமைக்கு வேறொரு முகவரி இருந்தது: ஊர். துறைமுகத்திலும் நகராட்சியிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் வேலை பார்த்தவர்கள் வேலை தருபவர் கொடுத்த லைன் வீடுகளில் இருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். உடம்பு தளர்ந்தவர் கப்பலேறி ஊர் திரும்புவார் என்பது எழுதப்படாத ஏற்பாடு. பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக 1968இல் அறிவித்து 1971இல் கிளம்பியபோது, கடற்படைத் தளத்தை நம்பியிருந்த தமிழரும் மலையாளிகளும் திரளாக ஊர் திரும்பினார்கள். ஆக, பழைய சிங்கப்பூர் முதியவர்களைத் தாங்கியது என்று சொல்வதற்கில்லை. தன் முதுமையைப் பெருமளவு கடல் கடந்து அனுப்பிவிட்டது. அனுப்ப முடியாததைச் சாகோ லேனுக்கு அனுப்பியது.

1960 பிப்ரவரியில் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இந்த நெருக்கடியை அசாதாரண வேகத்தில் தீர்த்தது. அதற்கு முன்பிருந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் 1927 முதல் 32 ஆண்டுகளில் கட்டியவை சுமார் 23,000 வீடுகள். கழகம் முதல் ஐந்தாண்டில் மட்டும் 50,000க்கும் மேல் கட்டியது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் ஓலைக் கூரை வேய்ந்த அத்தாப்புக் குடியிருப்பு எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தபோது, அந்த இடத்திலேயே அடுக்குமாடி எழுப்பி அவர்களைக் குடியேற்றியதை இன்றும் வியக்கலாம். ஆனால் யாருக்கான வீடு என்ற கேள்விக்கு அன்றைய விடை ஒன்றே ஒன்று: இளம் தம்பதிக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும். வீடு வாங்கவும் குடும்பம் வேண்டியிருந்தது. தனியாள் ஒருவர் 35 வயதுக்குப் பிறகாவது தன் பெயரில் மறுவிற்பனை வீடு வாங்கலாம் என்ற அனுமதி 1991இல்தான் வந்தது. அடுக்குமாடிக்கு முந்தைய கம்பத்து (கிராமத்து) வீட்டுக்கு ஒரு வசதி இருந்தது. மகனுக்குத் திருமணமானால் பக்கவாட்டில் நான்கு கம்பு நட்டு, தகரமோ அத்தாப்போ வேய்ந்து இன்னோர் அறை இறக்கிவிடலாம். பாட்டி முன்னறையிலிருந்து பின்னறைக்கு மாறுவார், வளாகத்தை விட்டுப் போக மாட்டார். கான்கிரீட் வீட்டில் அறையின் எண்ணிக்கை கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. மூவறை வீடு என்றால் படுக்கையறை இரண்டுதான். மகன் குடும்பமாகும்போது ஒருவர் வெளியேறியே ஆக வேண்டும். இளையவர்கள் வெளியேறினார்கள், பெற்றோர் மின்தூக்கி நிற்காத மாடியில் தங்கினார்கள். பெரிய குடும்பம் கலைந்ததற்குப் பண்பாட்டுச் சரிவைக் காரணம் காட்டுபவர்கள் இந்த இரண்டு படுக்கையறைக் கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும்.

அன்றைய அவசரத்தில் முதுமையைப் பற்றி யோசிக்க முடியுமா என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1970இல் சிங்கப்பூரில் 65 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கிக் கதவு வைத்தால் செலவு ஏறும், அதே பணத்தில் கட்டும் வீடுகளின் எண்ணிக்கை குறையும். சேரியில் இருப்பவரை வெளியே கொண்டுவருவது முதல் வேலை என்ற முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வாதம் 1960களுக்குத்தான் பொருந்தும். 80களின் இறுதி வரை அதே முறையில் கட்டியதற்குப் பொருந்தாது. 1970களின் நடுவிலேயே பிறப்பு விகிதம் ஈடுகட்டும் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. இரண்டோடு நிறுத்துங்கள் என்று பிரசாரம் செய்தது அரசேதான். வீடுகளை 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்றதும் அரசேதான். 1970இல் முப்பது வயதில் குடிவந்தவருக்கு 2010இல் எழுபது வயதாகும், அப்போது குத்தகையில் பாதிக்குமேல் மீதியிருக்கும் என்பதை அறிய ஆரூடம் தேவையில்லை, கூட்டல் போதும்.

அந்தக் கூட்டலைப் போட்டவர் யார் என்பது இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி. 1982இல் முதியோர் பிரச்சினைகளை ஆராய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் அன்றைய சுகாதார அமைச்சர் ஹவ் யூன் சோங். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை நிர்வாகியாக இருந்தவர் அவரே. வீடுகளைக் கட்டத் தொடங்கியவரே, அங்கே மூப்படையப் போகிறவர்களைப் பற்றிய முதல் பெரிய அறிக்கையையும் 1984இல் தந்தார். அறிக்கை பல பொருள்களைத் தொட்டது. ஆனால் ஒரே ஒரு பரிந்துரைதான் தெருவுக்கு வந்தது: மத்திய சேமநிதிப் பணத்தை எடுக்கும் வயதை 55இலிருந்து 60க்கு உயர்த்துவது. தங்கள் சேமிப்பைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று மக்கள் கொதித்தார்கள். அவ்வாண்டு இறுதியில் நடந்த தேர்தலில் ஆளும் கட்சியின் வாக்கு விகிதம் ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் புள்ளி சரிந்தது. பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தந்த திட்டத்தின் மீதான கோபத்தோடு இதுவும் ஒரு காரணம். ஹவ் அரசியலிலிருந்து விலகினார். அந்த அடிக்குப் பிறகு அரசின் பேச்சில் முதுமை என்பது கட்டடக் கேள்வியாக வளரவில்லை. குடும்பத்தின் கேள்வியாகவே நெடுங்காலம் நின்றது.

குடும்பத்தின் வழியாகத் தீர்வு தேடிய திட்டங்களின் கதி நமக்கு நிறையச் சொல்லித் தருகிறது. பெற்றோரும் மணமான பிள்ளைகளும் சேர்ந்து விண்ணப்பித்து அருகருகே வீடு பெறும் ஏற்பாடு 1978இல் வந்தது, மக்கள் விரும்பினார்கள். ஒரே கூரைக்கு அடியில் மூன்று தலைமுறையை வைக்க வேண்டும் என்று 1987இல் பல தலைமுறை வீடுகளைக் கட்டினார்கள். பெரிய வீடு, அதனோடு ஒட்டித் தனிவாசல் உள்ள சிறு வீடு. எதிர்பார்த்த வரவேற்பு இல்லை; நானூறுக்கும் குறைவான வீடுகளோடு திட்டம் நின்றது. 1995இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் வால்டர் வூன் கொண்டுவந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. தன்னைப் பேண முடியாத, 60 வயதைக் கடந்த பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரி நடுவர் மன்றத்தை நாடலாம். கைவிடப்பட்ட தாய்க்கு அந்தச் சட்டம் ஒரு பிடிமானம்தான். அதை எடுத்துவிட வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சட்டத்தால் மாதத் தொகையை வாங்கித் தர முடியும், ஐந்தாம் மாடியிலிருந்து ஆறாம் மாடிக்குத் தூக்கிவிட முடியாது. அரசின் கை வலுத்தால் பிள்ளைகளின் கடமையுணர்வு மெலியும் என்ற அச்சம் அன்றும் இருந்தது, இன்றும் நம் ஊர்களில் இருக்கிறது. அந்த அச்சத்தை இந்த அனுபவமே மறுக்கிறது. ஒட்டு வீடு விற்கவில்லை, அருகு வீடு விற்றது. பிள்ளைகள் பெற்றோரை விட்டு ஓடவில்லை. இரு தரப்புமே தனிக் கதவையும் கூப்பிடு தூரத்தையும் சேர்த்து விரும்பினார்கள். 2015 முதல் பெற்றோருக்கு அருகில் மறுவிற்பனை வீடு வாங்குபவர்களுக்கு மானியம் கொடுக்கிறார்கள். மக்கள் 1978இலேயே காட்டிய விருப்பத்தைக் கொள்கை முழுதாக ஏற்றுக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று.

குடும்பத்தையே அடித்தளமாக வைத்த ஏற்பாட்டில் குடும்பம் இல்லாதவருக்கு என்ன கிடைத்தது என்பதை வாடகைப் புளோக்குகளில் காணலாம். வருமானம் மிகக் குறைந்த முதியவர்களுக்கு ஓரறை வீடு மாதம் 26 முதல் 33 வெள்ளி வாடகையில் கிடைக்கிறது. உலகின் செலவு மிகுந்த நகரங்களில் ஒன்றில் இது பெரிய கொடை, ஐயமில்லை. ஆனால் தனியாள் என்றால் அந்த வீட்டை இன்னொருவரோடு பகிர வேண்டும் என்பது நெடுங்கால விதி. உறவில்லாத இரு கிழவர்கள், தனிப் படுக்கையறை இல்லாத ஒரே அறையில், ஒரே சமையலிடத்தோடு. ஒருவர் இரவு முழுக்கத் தொலைக்காட்சி பார்ப்பவர், மற்றவர் விளக்கணைத்தால்தான் தூங்குபவர் என்றால் வாழ்வின் கடைசிப் பதினைந்து ஆண்டு பெரும் சச்சரவாகக் கழியும். பின்னாளில் நடுவே தடுப்புப் பலகை வைத்தார்கள். அண்மைக் காலத்தில் தனிப் படுக்கையறை தரும் முன்னோட்டங்களும் தொடங்கியுள்ளன. அப்பர் நான்கின் தெருத் தடுப்பறையை ஒழிக்கக் கிளம்பிய ஏற்பாடு, மிக எளியவருக்கு மட்டும் அதன் ஒரு சாயலை மிச்சம் வைத்தது வருத்தமான உண்மை.

என் கணிப்பில், முதியவர்களுக்காகச் சிங்கப்பூர் செய்தவற்றில் தலைசிறந்தது முதியோர் திட்டம் என்ற பெயரே இல்லாத ஒன்று: 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம். 1990க்கு முன் கட்டிய புளோக்குகளில் ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கி நிற்கும்படி செய்ய வேண்டும். சொல்ல ஒரு வரி, செய்யக் கடினம். குடியிருப்பவர்களை வெளியேற்றாமல் கட்டடத்தின் வெளிப்புறத்தில் புதிய மின்தூக்கித் தண்டை எழுப்ப வேண்டும், அதை ஒவ்வொரு தளத்தோடும் சிறு பாலம்போல இணைக்க வேண்டும், நடைபாதையே இல்லாத மாடிகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. குடியிருப்பாளர் ஒரு சிறு பங்கு தர வேண்டும். புளோக்கில் 75 விழுக்காட்டினர் வாக்களித்து ஒப்ப வேண்டும். இதில் ஒரு கறையும் உண்டு. மேம்பாட்டுப் பணிகளில் ஆளும் கட்சித் தொகுதிகளுக்கு முன்னுரிமை என்ற கொள்கையால் எதிர்க்கட்சி வசமிருந்த ஹவ்காங்கும் பொத்தோங் பாசிரும் காத்திருந்தன. முழங்கால் வலிக்குக் கட்சி கிடையாது; அந்தக் காத்திருப்பு நேர்ந்திருக்கக் கூடாது. என்றாலும் ஆயிரக்கணக்கான புளோக்குகளில் வேலை முடிந்தது. வீட்டுக்குள்ளும் இதே சிந்தனை 2012இல் நுழைந்தது: குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி, வழுக்காதபடி தரைக்குப் பூச்சு, நிலைப்படிக்குச் சரிவுப் பலகை, எல்லாம் மானிய விலையில். ஈரத் தரையில் கால் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் பல முதியவர்களுக்கு அதற்குப் பிறகு வீடு திரும்பும் வாய்ப்பே இல்லாமல் போகிறது. ஒரு முழ நீள எஃகுக் கம்பி சரியான உயரத்தில் இருந்தால் அவர் இன்னும் பத்தாண்டு தன் வீட்டில் இருப்பார். இந்தத் திருத்தங்கள் யாரையும் இடம் மாற்றவில்லை. அதே கீழ்த்தளம், அதே காப்பிக் கடை, முப்பது ஆண்டாகக் காலையில் கையசைக்கும் அதே அண்டை வீட்டார்.

இதற்கு எதிராக, பழையதை ஒட்டுப்போடுவதைவிட முதியோருக்கென்றே புதிதாகக் கட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சிங்கப்பூர் அதையும் செய்து பார்த்தது. 1998இல் 55 வயதைக் கடந்தவர்களுக்காக 30 ஆண்டுக் குத்தகையில், கைப்பிடிகளும் அவசர அழைப்புக் கயிறும் பொருத்திய சிறு வீடுகள் வந்தன. உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் 2017இல் எழுந்த கம்போங் அட்மிரல்ட்டியில் ஒரே வளாகத்துக்குள் உணவங்காடி, மருத்துவ நிலையம், மூத்தோர் பராமரிப்பு நிலையம், அதன் பக்கத்திலேயே குழந்தைகள் பராமரிப்பு நிலையம், மேலே மாடித்தோட்டம் என்று அடுக்கிவைத்தார்கள். 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாக அது தேர்வானது தகுதியான பெருமை. ஆனால் அங்குள்ள வீடுகள் 104. புக்கிட் பாத்தோக்கில் பராமரிப்புச் சேவையையும் வீட்டோடு சேர்த்தே விற்கும் முதல் குடியிருப்பில் 169. குடிமக்களில் ஐந்தில் ஒருவர் 65ஐக் கடந்துவிட்ட, 2030 வாக்கில் நான்கில் ஒருவர் கடக்கவிருக்கிற நாட்டில் இந்த எண்ணிக்கைகள் வழிகாட்டலாம், விடையாக முடியாது. உடம்பு மிகவும் தளர்ந்து, தினசரி உதவி வேண்டியவர்களுக்கு இவை கட்டாயம் பெருக வேண்டும். மற்றவர்களைப் பொறுத்தவரை, முதியவரைத் தனி இடத்தில் சேர்ப்பதில் வேறோர் ஆபத்து இருக்கிறது. 2012இல் தோ யீ பகுதியில் இத்தகைய வீடுகள் வரப் போகின்றன என்றதும் அங்கே குடியிருந்தோர் எதிர்த்தார்கள், பிறகு கட்டப்பட்டன. வேறு சில இடங்களில் மூத்தோர் நிலையத்துக்கும் தாதிமை இல்லத்துக்கும் இதே எதிர்ப்பு. முதுமையைத் தனிப் பலகை மாட்டிக் கொண்டுவந்தால் அதை எதிர்க்க ஆள் சேர்கிறது. நம் புளோக்கின் மின்தூக்கி நம் மாடியிலும் நிற்கட்டும் என்றால் முக்கால்வாசிப் பேர் கை தூக்குகிறார்கள்.

சொந்த வீடு இருப்பவருக்கு என்ன கவலை என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்க் குடும்பங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது சொந்த வீட்டுக்காரர்கள். ஆனால் சேமநிதிப் பணம் பெரும்பாலும் வீடு வாங்கவே செலவாகிச் சுவருக்குள் போய்விட்டதால், சுவரைக் கரைக்காமல் சாப்பிட வழியில்லாத முதியவர்கள் பெருகினார்கள். 2009இல் தொடங்கிய குத்தகைத் திரும்பப் பெறும் திட்டத்தில், முதியவர் தன் வீட்டுக் குத்தகையின் பின்பகுதியைக் கழகத்துக்கே விற்று, மீதிக் காலத்துக்கு அதே வீட்டில் இருந்துகொண்டு, கிடைத்த தொகையைச் சேமநிதி வழியாக மாத வருமானமாகப் பெறலாம். முதலில் சிறிய வீடுகளுக்கு மட்டும், 2019இலிருந்து எல்லா வீடுகளுக்கும். வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போக வேண்டும் என்ற ஆசை பலரைத் தடுக்கிறது; தந்தைவழிச் சொத்தை மதிக்கும் நமக்கு அந்தத் தயக்கம் புரியும். இருந்தாலும் இடம் மாறாமல் பணம் பெறும் வழி என்பதால் இதையும் மின்தூக்கியோடு ஒரே வரிசையில்தான் வைப்பேன்.

மிச்சமிருக்கும் சோதனை இடிப்பதைப் பற்றியது. டகோட்டா கிரசெண்ட்டில் 1958இல் கட்டிய வாடகை வீடுகளில் இருந்தவர்கள், பெரும்பாலும் முதியவர்கள், 2016 இறுதிக்குள் காலிசெய்து அருகில் காசியா கிரசெண்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தூரம் மிகக் குறைவு, கட்டடம் புதியது. அப்படியிருந்தும், பழகிய அண்டைவீட்டார் வெவ்வேறு மாடிகளுக்குச் சிதறியதால் உண்டான தனிமையைச் சரிசெய்யத் தொண்டூழியர்கள் பிற்பாடு வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. தங்ளின் ஹால்ட்டில் 31 புளோக்குகளை மறுமேம்பாட்டுக்கு எடுத்ததும் இதே வகை இடப்பெயர்வு. இனி வரப்போவது இவற்றைவிடப் பெரியது. எழுபது ஆண்டைத் தொடும் புளோக்குகளில் குடியிருப்பாளர் வாக்களித்து அரசிடம் முன்கூட்டியே வீட்டை ஒப்படைக்கும் திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. 1960களிலும் 70களிலும் கட்டியவை 2030களிலிருந்து அந்த வயதை எட்டும். வாக்குச்சீட்டைக் கையில் பிடிக்கப் போகிறவர்களில் பெரும்பகுதி எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். இழப்பீடு எவ்வளவு என்பதைப் பற்றியே இப்போது பேச்சு நடக்கிறது. அதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் திட்டத்துக்குள் இப்போதே எழுதிவைக்க வேண்டும்: ஒரே நடைபாதையில் இருந்தவர்கள் புதிய கட்டடத்திலும் ஒரே நடைபாதைக்குப் போவார்களா? பழைய புளோக் இடிவதற்கு முன்பே, நடந்து போகும் தூரத்தில், புதியது எழுந்திருக்குமா?